தலைப்பு மாறிய வாய்க்கால்



இதயநோய் என்றதும் நம் ஊர்களில் எல்லோர் நாவிலும் வரும் சொல் ‘அடைப்பு’. எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம், ஸ்டென்ட் போதுமா, பைபாஸ் வேண்டுமா என்று பள்ளிவாசல் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் பேசிக்கொள்கிறோம். 50 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோருக்கு வரும் நோய் என்றே அதை எண்ணிப் பழகிவிட்டோம். அடைப்பென்று ஏதும் இல்லாத, கொழுப்பு ஒரு துளியும் படியாத 16 வயதுப் பிள்ளையின் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் போகலாம் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் குடும்பம் அறிந்துகொண்டது. பிள்ளையின் தாயான என் ராத்தாவே, “இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு உதவட்டும், எழுது” என்று சொன்னதால் இதை எழுதுகிறேன்.

ஓடும்போது விழுந்த பிள்ளை

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். கால்பந்து இங்கே விளையாட்டு மட்டுமன்று. அஸர் தொழுகை முடிந்தால் இளைஞர்களின் கால்கள் தாமாகவே மைதானத்துக்குப் போகும். ராத்தாவின் மகனும் அப்படித்தான். இரண்டு முறை வேகமாக ஓடும்போது நெஞ்சை யாரோ பிடித்து அழுத்துவதுபோல் இருந்ததாகச் சொன்னான். சற்று உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. வெயில் என்றார்கள் சிலர். வாயு என்றார்கள் சிலர். மூன்றாம் முறை பந்தைத் துரத்திக்கொண்டு போனவன் பேச்சுமூச்சின்றி விழுந்தான். ஒரு நிமிடத்துக்குள் அவனாகவே எழுந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ்.

அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சீராக இருந்தது. காலையில் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ராத்தாவின் மனம் அடங்கவில்லை. “வெயில்ல நிக்கிறப்ப விழுந்திருந்தா நானும் ஒத்துக்குவேன். இவன் ஓடுறப்பல்ல விழுந்தான்” என்றார். பள்ளிப்படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய அவர் சொன்ன அந்த வேறுபாடுதான், பின்னர் பெரிய மருத்துவர்கள் முதலில் கேட்ட கேள்வியாகவும் இருந்தது. நெடுநேரம் நின்று தலைசுற்றி விழுவது பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. உடல் முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும்போது நினைவு தப்புவது வேறு. அது இதயத்தைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கை.

தஞ்சாவூரில் இதயநோய் மருத்துவர் ஒருவர் எக்கோ எடுத்துப் பார்த்தார். தசை வலுவாக இருந்தது, வால்வுகளிலும் குறையில்லை. ஆனால் வலப்பக்கத் தமனி புறப்பட வேண்டிய இடத்தில் அதன் வாய் தெரியவில்லை என்றார். சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துவரச் சொன்னார்.

இதயத்துக்கு இரத்தம் எங்கிருந்து வருகிறது?

உடல் முழுவதற்கும் இரத்தத்தை இறைக்கும் இதயம், தன் தசைக்கு வேண்டியதை எங்கிருந்து பெறுகிறது? தன் அறைகளில் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்தே என்று பழங்கால மருத்துவர்கள் எண்ணினர். இப்னு சீனாவின் ‘கானூன்’ நூலும் அக்கருத்தையே கொண்டிருந்தது. அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு 1242ஆம் ஆண்டில் உரை எழுதிய இப்னுன் நஃபீஸ் அதை மறுத்தார். இதயத்தின் சதைக்குள் பரவிச் செல்லும் குழாய்களின் வழியாகவே அது ஊட்டம் பெறுகிறது என்று எழுதினார். நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றி வருவதை விளக்கியவரும் அவரே. கெய்ரோவில் மருத்துவம் பார்த்து 1288ஆம் ஆண்டில் மறைந்த அவரது உரையின் படி ஒன்றை, 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவி பெர்லினில் கண்டெடுத்த பிறகே அவருடைய பெருமையை இக்கால உலகம் உணர்ந்தது. உடலின் சீரும் சீர்கேடும் இதயத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியை மத்ரஸாவில் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இந்த அறிஞரின் பெயரையும் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்தக் குழாய்களைப் புரிந்துகொள்ளக் காவிரிப் படுகைக்காரர்களுக்கு வேறு படம் வேண்டாம். கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. ஆறுகளிலிருந்து வாய்க்கால்கள், வாய்க்கால்களிலிருந்து கண்ணிகள், அவற்றிலிருந்து வயல்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934 முதல் ஓடும் கல்லணைக் கால்வாயை மக்கள் இன்றும் ‘புது ஆறு’ என்றே அழைக்கிறார்கள். அதன் கடைமடைப் பகுதி எங்களுடையது. மேட்டூரில் நீர் திறந்த செய்தி வந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து வயல்களுக்கு அது வந்து சேரும் நாள்வரை விவசாயிகள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள்.

இதயத்திலும் அவ்வாறே. இடக்கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடியில், வால்வுக்குச் சற்று மேலே, மூன்று குழிவுகள் உள்ளன. இடக் குழிவிலிருந்து இடத் தமனியும் வலக் குழிவிலிருந்து வலத் தமனியும் தொடங்குகின்றன. படுகைக்காரர் மொழியில் அவையே தலைப்புகள். நாம் அஞ்சும் அடைப்பு என்பது வாய்க்காலில் வண்டல் படிவது. சிலருக்கோ கருவிலேயே தலைப்பு இடம் மாறி அமைந்துவிடுகிறது. வண்டல் இல்லை, கரை உடையவில்லை. வாய்க்கால் புறப்படும் இடமும் போகும் வழியும் வேறு.

இது மிக அரிதும் அன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 1,26,595 பேரின் படங்களை ஆராய்ந்து யமனாக்கா, ஹாப்ஸ் என்னும் மருத்துவர்கள் 1990ஆம் ஆண்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அவர்களில் 1,686 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 1.3 பேருக்கு, இதயத் தமனி ஏதோ ஒரு வகையில் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. எஞ்சிய சிலவற்றில்தான் ஆபத்து. எது எந்த வகை என்று பிரித்தறிவதே மருத்துவரின் வேலை.

படம் காட்டிய வழி

முன்பெல்லாம் இதயத் தமனிகளைப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது: மணிக்கட்டு அல்லது தொடையின் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, ஒவ்வொரு தமனியின் வாயிலும் சாயத்தைச் செலுத்திப் படம் எடுப்பது. 1958ஆம் ஆண்டில் மேசன் சோன்ஸ் என்னும் மருத்துவரின் கையில் பிறந்த அம்முறை இன்றும் அடைப்புக்கு இன்றியமையாதது. ஆனால் தலைப்பு இடம் மாறியவர்களிடம் அந்தக் குழாய் வாயைத் தேடித் தடுமாறும். வாயைக் கண்டுபிடித்தாலும், தட்டையான அந்தப் படத்தில் தமனி பெருந்தமனிக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா, இரு பெருங்குழாய்களுக்கு நடுவே நுழைகிறதா என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

சி.டி. ஆஞ்சியோகிராமில் இதயத்துக்குள் எந்தக் குழாயும் நுழைவதில்லை. கை நரம்பில் ஓர் ஊசி, அவ்வளவே. எங்கள் பிள்ளைக்கு முதலில் சிறுநீரகச் சோதனை செய்தார்கள். ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ உண்டா என்று கேட்டார்கள். நாடித்துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். துடிப்பு நிதானமாக இருந்தால்தான் படம் கலங்காது. ஈ.சி.ஜி. கம்பிகளைப் பொருத்தி, மூச்சை அடக்கச் சொல்லி, அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தினார்கள். உடம்பெல்லாம் வெந்நீர் பாய்ந்தாற்போல் இருந்தது என்றான். படுத்திருந்தது பத்து நிமிடம். படம் எடுத்ததோ சில நொடிகள். கணினி அந்தப் படங்களை அடுக்கி, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கத்தக்க ஓர் இதயத்தைத் திரையில் காட்டியது.

அவனுடைய வலத் தமனி இடக் குழிவிலிருந்து புறப்பட்டது. அதன் வாய் வட்டமாக இல்லாமல் கீறல்போல் ஒடுங்கியிருந்தது. பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே புகுந்து, சிறிது தூரம் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே ஓடி, அதன் பின்னரே வெளியே வந்தது. ஆற்றங்கரைக்குள் புதைத்த குழாய்போல என்று விளக்கினார் மருத்துவர். ஆறு அமைதியாக ஓடும்போது குழாயிலும் நீர் ஓடும். வெள்ளம் பெருகிக் கரையை அழுத்தினால் குழாய் நசுங்கும். இதயத் தசை, சுருங்கும்போதைவிடத் தளரும்போதே பெரும்பகுதி இரத்தத்தைப் பெறுகிறது. ஓடும்போது துடிப்பு விரைவதால் அந்தத் தளரும் நேரமும் குறைகிறது. தேவை மிகும் நேரத்தில் வரத்து குறைந்துவிடுகிறது.

ஒரே பெயர், இரண்டு தீர்ப்புகள்

அன்று அதே மருத்துவரைப் பார்க்கப் பெரியவர் ஒருவரும் காத்திருந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து, வெண்ணாற்று மதகுகளைத் திறந்து மூடியே காலம் கழித்தவர். நெஞ்சுவலிக்காக எடுத்த சி.டி. படத்தில் அவருக்கு அடைப்பு இல்லை. ஆனால் இதயத்தின் இடப்பக்கத்துக்குப் போக வேண்டிய கிளை ஒன்று வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பெருந்தமனியின் பின்புறமாகச் சுற்றிச் செல்வது தெரிந்தது. அதற்காக எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்களுக்கோ சென்னைக்குச் சென்று இன்னொரு பரிசோதனை செய்யும்படி கடிதம் தந்தார்.

ராத்தா கலங்கிப்போனார். “அவங்களுக்கும் தமனி இடம் மாறித்தான் இருக்கு. ஒண்ணும் வேண்டாங்கிறாங்க. நம்ம புள்ளைக்கு மட்டும் ஏன்?” என்று கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், “தலைப்பு எங்கேருந்து கெளம்புனா என்னம்மா? கடமடைக்குத் தண்ணி ஏறுதான்னுதான் பாக்கணும். அதத்தான் டாக்டர் பாக்கச் சொல்றாரு” என்றார்.

அவர் சொன்னதுதான் இந்த மருத்துவத்தின் சாரம். சி.டி. படம் வாய்க்காலின் வடிவத்தைக் காட்டும். வெள்ள நேரத்தில் கடைமடைக்கு நீர் சேர்கிறதா என்பதை வேறொரு சோதனையால்தான் அறிய முடியும்.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. தம்மாமில் வேலை செய்யும் மச்சான், செலவைப் பாராமல் உடனே அறுவை செய்துவிடச் சொன்னார். “சின்னப் புள்ளயோட நெஞ்சப் பொளக்கவா? ஓதிப் பார்ப்போம், சரியாயிடும்” என்று அழுதார் உம்மா. இரண்டும் அன்பின் குரல்கள்தாம். ஆனால் ஒன்று அவசரம், மற்றொன்று தயக்கம். ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்ததை நாம் எல்லோரும் அறிவோம். எங்கே, எந்தக் கயிற்றால் கட்டுவது என்று விசாரித்தறிவதும் அதில் அடங்கும் அல்லவா? பொறுமை என்பது எதுவும் செய்யாதிருப்பதன்று. தெளிவு வரும்வரை மனம் பதறாமல் அதற்கான வேலையைச் செய்துகொண்டிருப்பது என்று அந்த இரண்டு வாரங்களில் உணர்ந்தோம். அதுவரை மைதானம் பக்கமே போகக் கூடாது என்ற மருத்துவரின் சொல்லைப் பிள்ளையும் ஏற்றான்.

ஏன் ஈ.சி.ஜி. மட்டும் போதாது?

இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களை ஆராய்ந்து பாசோ, மாரோன் முதலிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தமனி தவறான குழிவிலிருந்து புறப்பட்டதால் இறந்த 27 பேரைப் பற்றியது அது. அவர்களுள் 23 பேருக்கு இடத் தமனி வலப்பக்கத்திலிருந்தும், 4 பேருக்கு வலத் தமனி இடப்பக்கத்திலிருந்தும் தொடங்கியிருந்தன. 25 பேர் கடும் உழைப்பின்போதே விழுந்தார்கள். மற்ற இருவர் அது முடிந்தவுடன். உயிரோடு இருந்தபோது ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்ட 9 பேருக்கும் அது சீராகவே இருந்தது. டிரெட்மில் சோதனை செய்துகொண்ட 6 பேருக்கும் முடிவு சீராகவே வந்தது. ஆனால் மயக்கமும் நெஞ்சுவலியும் அவர்களில் சிலருக்கு முன்பே வந்து எச்சரித்திருந்தன.

உடல் தானே மாற்று வழி தேடிக்கொள்வதும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் பத்து ஆண்டுகள் உலகின் முன்னணித் தொழில்முறைப் போட்டிகளில் ஆடியவர். 1988 ஜனவரி 5 அன்று, 40ஆம் வயதில், நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவருக்கு இடத் தமனியே இல்லை என்பதும், வலத் தமனி பெருத்து இரண்டின் வேலையையும் பார்த்து வந்ததும் பிணப் பரிசோதனையில்தான் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது யாரும் அதைப் படம் எடுத்துப் பார்த்திருக்கவில்லை.

சென்னையில் எங்கள் பிள்ளைக்கு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, டோபுடமின் என்னும் மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். அது ஓடாமலேயே இதயத்தை ஓடச் செய்யும். துடிப்பையும் விசையையும் கூட்டும். பக்கத்தில் மருத்துவர் நின்று கண்காணித்துக்கொண்டே இருந்தார். ஓய்வில் எடுத்த படத்தில் இதயத் தசை முழுவதும் இரத்தம் பரவியது. துடிப்பு உச்சத்தை எட்டியபோது, வலத் தமனி ஊட்ட வேண்டிய கீழ்ப்புறச் சுவர் மட்டும் இருண்டு நின்றது. கடைமடைக்கு நீர் ஏறவில்லை.

அறுவை வேண்டாம் என்று அழுத உம்மா அந்தப் படத்தைப் பார்த்ததும் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, “எப்ப வரச் சொல்றாங்க?” என்றார்.

பெருந்தமனிச் சுவருக்குள் புதைந்து ஓடிய பகுதியை உட்புறமாகத் திறந்துவிட்டு, தமனியின் வாயைச் சரியான குழிவின் பக்கமாக அகலப்படுத்துவதே அந்த அறுவை. எங்கே கத்தி வைக்க வேண்டும், எத்தனை மில்லிமீட்டர் திறக்க வேண்டும் என்பதையும் சி.டி. படமே வழிகாட்டியது. மூன்று மாதம் ஓட்டமும் விளையாட்டும் இல்லை. பிறகு மீண்டும் படங்கள், மீண்டும் அதே மருந்துச் சோதனை. இம்முறை கீழ்ப்புறச் சுவரிலும் இரத்தம் சீராகப் பரவியது. அல்ஹம்துலில்லாஹ்.

இருண்ட பகுதி தெரியாமல் போயிருந்தால் மருத்துவர்கள் வேறு வகையில் யோசித்திருப்பார்கள். வலத் தமனி இடம் மாறிய எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. கண்காணிப்போடு நிறுத்திக்கொள்ளப்படுபவர்களும் உண்டு. இடத் தமனி வலப்பக்கத்திலிருந்து தொடங்கி நடுவே நுழைந்தால் ஆபத்து மிகுதி என்பதால் அறுவையையே பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். வாயின் அகலம், ஒடுக்கம், சுவருக்குள் ஓடும் நீளம் ஆகிய அளவுகளைக் கொண்டே எவருக்கு இரத்தம் குறைகிறது என்று சொல்ல முடியுமா எனச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். தமனிக்குள் அழுத்தமானி செலுத்தி அளந்த அளவையும் வெளியிலிருந்து எடுத்த படங்களையும் அவர்கள் ஒப்பிடுகிறார்கள். இத்தகைய ஆய்வுகள் முதிர்ந்தால் பலர் கத்தியிலிருந்தும் குழாயிலிருந்தும் தப்புவார்கள்; தேவையானவர் தவறாமல் அடையாளம் காணப்படுவார்.

நம் குடும்பங்களுக்குச் சில சொற்கள்

ஓடும்போதோ, நீந்தும்போதோ, விளையாடும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால், அல்லது அந்நேரத்தில் நெஞ்சை அழுத்துகிறது என்றால், ஈ.சி.ஜி. சீராக இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இதயநோய் மருத்துவரிடம் எக்கோ எடுக்கும்போது, இரு தமனிகளும் புறப்படும் இடம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

பால் குடிக்கும்போது அளவுக்கு மீறி வியர்த்து, வீறிட்டு அழுது, எடை கூடாமல் இருக்கும் கைக்குழந்தையையும் காட்டிவிடுங்கள். இடத் தமனி பெருந்தமனிக்குப் பதிலாக நுரையீரல் தமனியிலிருந்து புறப்படும் அரிய குறையும் அப்படி வெளிப்படலாம். பிளாண்ட், வைட், கார்லண்ட் என்னும் மூவர் 1933ஆம் ஆண்டில் விவரித்த குறை அது. சுமார் 3 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. காலத்தில் கண்டறிந்தால் அறுவையால் காப்பாற்ற முடியும்.

சி.டி. படத்தில் கதிர்வீச்சு உண்டு. எனவே ஆசைக்கு எடுத்துப் பார்ப்பதற்கானதன்று. கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, தைராய்டு தொல்லை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கம்பி பொருத்தப் பெண் ஊழியரைக் கேட்கலாம். கூச்சத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ரமளானில் நாள் அமைந்தால், சாயம் வெளியேற நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள் என்பதை நினைவில் வைத்து, நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் கண்டு அஞ்சுபவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையிலேயே விசாரிக்கலாம். ஊர் பைத்துல்மாலின் கதவும் திறந்தே இருக்கிறது.

தமனி இடம் மாறியிருக்கிறது என்ற அறிக்கை கைக்கு வந்தால் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கிருந்து புறப்படுகிறது? எந்த வழியாகப் போகிறது? கடும் உழைப்பின்போது இரத்தம் போதுமா? மூன்றாம் கேள்விக்கு விடை வரும்வரை, அறுவைக்கு ஓடவும் வேண்டாம், அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம்.

மதகுகளைக் காத்த அந்தப் பெரியவருக்கும், பொறுமையோடு விளக்கிய மருத்துவர்களுக்கும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக. நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.